துரை விட்டுப்போன கித்தார்

அண்ணன் கடையில் ஸ்குரூ டிரைவர் கிடையாது. பழைய எலெக்ட்ரிக் கித்தார் வாங்கி விற்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருவர் கடையில் அந்தச் சாமான் இல்லாமலிருப்பது எவ்வளவு பெரிய தெளிவு என்பது, எதையும் பிரித்துப் பார்த்தே பழகிப்போன ஆட்களுக்குப் புரியாது. சந்தேகப்படுகிறவனுக்குத்தான் கருவி வேண்டும். அண்ணனுக்குக் கண் போதும். சில நாள் அதுவும் வேண்டியதில்லை. பெட்டி வாசல்படி ஏறும்போதே உள்ளே கல்லாவிலிருந்து குரல் வந்துவிடும்: "ஒரிஜினல் லா. அறுவத்து மூணு."

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கூட்டம் கூடிவிடும். கூட்டம் கூடினால் அதில் யாராவது ஒருத்தன் சட்டைப்பையில் ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பான். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கோலா கங்சார் கடைத்தெரு அஞ்சடியில் நடந்துபோகிறவர்களுக்குத் தெரியும்: வெயில் உள்ளே வராத கடை, ஒரே ஒரு மஞ்சள் பல்பு, சுவரில் வரிசையாகத் தொங்கும் கித்தார்கள். வெளிச்சம் குறைவு என்று சிலர் குறை சொல்கிறார்கள். பழைய பொருளுக்கு வெளிச்சம் ஆகாது என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊருக்குப் பழமை புதிதல்ல. அரச நகரம். மாவட்ட அலுவலகத்துப் பக்கம் வேலிக்குள் நிற்கிறதே ஒரு ரப்பர் மரம், அதன் சாதகம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதை கொண்டுபோனார், லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்தார்கள், 1877-ல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன, அவற்றில் 9 எங்கள் ஊருக்கு வந்து ஹியூ லோ துரையின் தோட்டத்தில் மண்ணில் இறங்கின. அந்த ஒன்பதில் மிஞ்சியது இது என்று காட்டுகிறார்கள். விதை எங்கே எடுத்தது, எந்தக் கை மாறி எந்தக் கைக்கு வந்தது என்று படிப்படியாக எழுத்தில் இருக்கிறது. அண்ணனுக்கு இதில் சின்ன வருத்தம். "மரத்துக்கு எதுக்கு கடுதாசி? பாத்தாலே தெரியலையா பழசுன்னு?" என்பார். காகிதம் கேட்டு ஒரு மரத்தை அவமானப்படுத்துவதை அவர் மனம் ஏற்கவில்லை.

ரப்பரை நாங்கள் கித்தா என்போம். கித்தாவுக்கும் கித்தாருக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்தைத் தாண்டுவதற்குள் எங்கள் சனம் எவ்வளவு நிம்மதியான உலகத்துக்கு வந்துவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டில் பேர் கொடுப்பு, பிறகு வெட்டு, பத்துப் பதினோரு மணிக்குப் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வரிசை. அங்கே கிராணி காத்திருப்பார். பாலை நிறுத்தால் போதாதாம். மெட்ரோலாக் என்று ஒரு மிதவை, அதைப் பாலுக்குள் விடுவார். ரப்பர் தண்ணீரைவிட லேசு. கெட்டிப் பாலில் மிதவை ஆழமாக அமிழும், தண்ணீர் கலந்திருந்தால் மேலே எழும்பி நின்று காட்டிக்கொடுக்கும். நல்ல பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அந்த ஒரு பங்கிலும் குறைகிறதா என்று தினமும் பார்த்தார்கள். மழை நாளில் பால் வடியும் மங்கில் நாலு சொட்டு வானம் விழுந்ததற்கும் அப்பா பதில் சொல்லியிருக்கிறார்.

அப்படி வாளி வாளியாகச் சோதிக்கப்பட்டவரின் பேரன், 14,000 வெள்ளிக்கு ஒரு கித்தார் வாங்கும்போது ஒரு ஸ்குரூவைக்கூடத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இந்த முன்னேற்றத்தை எங்களுக்குத் தந்தவர் அண்ணன்.

பேரன் என்றது என் அக்கா மகனை. பினாங்கு பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை. நாள் முழுக்க ஈயப்பற்றைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பவன். மூன்று வருட ஓவர்டைம் காசு கையில் இருந்தது. ஃபெண்டர் கம்பெனியின் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை. "மாமா, உங்களுக்குத்தான் தெரியும், நீங்க வாங்க" என்று கூப்பிட்டான். நாற்பது வருடம் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கித்தார் வாசித்தவன், உடைந்ததை ஒட்டிக் கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அண்ணன் முதலில் கித்தாரைக் காட்டவில்லை. கதையைக் காட்டினார். நல்ல வியாபாரி சரக்கை முதலில் எடுக்கமாட்டான்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை. சாயங்காலம் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து கித்தார் வாசிப்பார். லயத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று கேட்கும். நாட்டுக்கு மெர்டேக்கா கிடைத்து ஐந்தாவது வருடம் தோட்டம் கைமாறியது. துரை ஊருக்குக் கப்பல் ஏறும்போது சமையல்காரரைக் கூப்பிட்டு, கண் கலங்க, இந்தக் கித்தாரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சமையல்காரருக்கு வாசிக்கத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் வைத்தார். அறுபது வருடம் யாரும் தொடவில்லை. போன வருடம்தான் அவர் பேரன் எடுத்துக்கொண்டு வந்து அண்ணனிடம் கொடுத்திருக்கிறான்.

என் மருமகன் கண்ணிலும் தண்ணீர். கதையில் அவன் தாத்தாவும் வேலிக்கு வெளியே நின்றிருக்கக்கூடும் அல்லவா?

பொய்க்கதை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. துரைமார்கள் தோட்டத்தை விற்றுவிட்டுப் போன காலம் அது. தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறி, சனங்கள் லயத்தை விட்டு வெளியேற வேண்டிவந்தது. அதற்காகத்தான் 1960-ல் துன் சம்பந்தன், எங்கள் ஊர் கிளிஃபர்ட் பள்ளியில் படித்த பிள்ளை, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்கினார். அந்தக் காலத்தின் துக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அண்ணன் அந்தத் துக்கத்தைக் கித்தாருக்குள் வைத்து, மேல் விலை எதுவும் போடாமல் சேர்த்தே தருகிறார்.

கணக்கில் மட்டும் எனக்கு ஒரு மயக்கம். மெர்டேக்கா 1957. ஐந்து கூட்டினால் 1962. கித்தாரோ, அண்ணன் சொன்னபடி, 1963. துரை கொடுத்துவிட்டுப் போன அடுத்த வருடம்தான் அது கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் ஆலையில் செய்யப்பட்டிருக்கிறது. செய்யப்படாத கித்தாரைச் சமையல்காரர் கையில் கொடுத்த துரையின் முன்யோசனையைப் பாராட்டுவதா, அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் காப்பாற்றிய சமையல்காரரைப் பாராட்டுவதா என்று தெரியாமல் நான் வாய் மூடியிருந்தேன்.

துரைக்கு ஃபெண்டர் எப்படிக் கிடைத்தது என்பதும் வியப்புத்தான். 1951-லிருந்து 1959 வரை பிரிட்டனுக்குள் அமெரிக்க வாத்தியம் வரத் தடை இருந்தது. ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின் கையில் இருந்த அந்தப் பேர்பெற்ற சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரே, 1959-ல் கிளிஃப் ரிச்சர்ட் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது. 1961-ல் அவர்கள் சிங்கப்பூர் வந்து வாசித்தார்கள். அதற்குப் பிறகுதான் மலாயா முழுக்க 'பாப் யே யே' காய்ச்சல், மூலைக்கு ஒரு குழு, மூன்று கித்தார் ஒரு டிரம். எங்கள் பிள்ளைகளும் விடவில்லை. பினாங்கில் லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் அலிகேட்ஸ் குழு ஆனது அந்த அலையின் கடைசியில்தான். ஆனால் அன்றைக்கு கைக்கு எட்டியதெல்லாம் ஜப்பான் சரக்கு: டெய்ஸ்கோ, குயாட்டோன். ஃபெண்டர் என்பது இசைத்தட்டு உறையில் பார்க்கிற சாமான். அப்படிப்பட்ட நாட்டில், அண்ணன் கடைச் சுவரில் மட்டும் நான்கு தொங்குகின்றன. எல்லாம் தோட்டத்திலிருந்து வந்தவை. எல்லாம் துரை விட்டுப்போனவை. இத்தனை துரைமார் இத்தனை சங்கீத ஞானத்தோடு எங்கள் முதுகுக்குப் பின்னால் வாழ்ந்திருக்கிறார்கள். நாம்தான் அவர்களைத் தவறாக நினைத்துவிட்டோம்.

இனி, வெளிநாட்டில் இந்தத் தொழில் செய்கிறவர்களின் சின்னப்புத்தியைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அண்ணனின் உயரம் தெரியும்.

அவர்களுக்கு ஒரு வருடக்கணக்குப் பைத்தியம். 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 13 மில்லியன் டாலருக்கு விற்றார். அதற்கு முந்தியது ஒரு சாதி, பிந்தியது ஒரு சாதி. முந்தியது அசலாக, முழுசாக இருந்தால் பல்லாயிரம் அமெரிக்க டாலர். யாராவது நடுவில் வார்னிஷைச் சுரண்டி மறுபடி வண்ணம் பூசியிருந்தால் விலை பாதியாகிவிடும் என்பது அவர்கள் வாய்ப்பாடு. ஒரு பொருளைப் பளிச்சென்று ஆக்கியதற்கு அபராதம் போடும் ஊர்! அண்ணனிடம் அசல் 63, வெறும் 14,000 வெள்ளி. அங்கே கேட்கிற விலையில் சின்னப் பங்கு. ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டேன். "நம்ம பையனாச்சே" என்றார்.

அந்த ஊர்க்காரன் கித்தாரைக் கையில் வாங்கினால் வாசிக்கமாட்டான். முதலில் தந்தியைத் தளர்த்துவான். ஃபெண்டருக்குக் கழுத்து ஒட்டியதல்ல. உடம்புக்குப் பின்னால் ஒரு தகடு, நான்கு ஸ்குரூ, அவ்வளவுதான் பிடிப்பு. அதைக் கழற்றிக் கழுத்தைப் பிடுங்குவான். கழுத்தின் அடிக்கட்டையில் தேதி இருக்கும். 1962 தொடக்கம் வரை பென்சில் எழுத்து, அதன் பிறகு முத்திரை. '2 மே 63 பி' என்று இருந்தால், 2 என்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர், பி என்பது கழுத்தின் மேல்முனை அகலம். முத்திரை ரப்பரில் செய்தது. அது எந்த ஊர்ப் பாலோ. அந்தத் தேதியையும் முழுசாக நம்பமாட்டான். கழுத்து செய்த நாள்தான் அது, கித்தார் பூட்டிய நாள் அல்ல என்பான்.

பின்பக்கத் தகட்டில் எண் அடித்திருக்கும். 1962 கடைசியிலிருந்து 1965 வரை எண்ணுக்கு முன்னால் 'எல்' என்ற எழுத்து. அண்ணன் பார்ப்பது இதை ஒன்றைத்தான். "எல்லுன்னா லியோ. அவரே கையால அடிச்சது" என்று என் மருமகனுக்கு விளக்கினார். சின்னப்புத்திக்காரன் என்ன சொல்வான்? நான்கு ஸ்குரூவில் கழன்று வருகிற தகட்டை எந்தக் கித்தாரிலும் மாட்டலாம், புதிதாக எண் அடித்த தகடே தனியாக விலைக்குக் கிடைக்கிறது என்பான். பிறப்புப் பத்திரம் எடுக்க வந்த இடத்தில் மருத்துவச்சியை விசாரிக்கிற குணம்.

அதற்கப்புறம் முன்பக்கப் பிளாஸ்டிக் பலகை. 1963 என்றால் பதினோரு ஸ்குரூ. அதைத் தூக்கிக் குடலைப் பார்ப்பான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்கு அடியில் வட்டமான பொட்டி மூன்று. அதன் முதுகில் பொடி எண்கள். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் கம்பெனி, 137 என்றால் சிடிஎஸ். அடுத்த இரண்டு எண் வருடம், கடைசி இரண்டு எண் அந்த வருடத்தில் எத்தனையாவது வாரம். 3046320 என்றால் 1963, இருபதாவது வாரம். பொட்டி கழுத்தைவிடச் சில மாதம் மூத்ததாக இருக்கலாம். ஆலையில் வாங்கி அடுக்கியிருப்பார்கள். கழுத்தைவிட இளையதாக இருந்தால், யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். ஈயப்பற்று மங்கலாக, ஒரே வீச்சில் வைத்ததாக இருக்க வேண்டும். பளபளவென்று இருந்தால் புதுக்கை பட்டிருக்கிறது.

இன்னொன்று ஆணித்துளை. அந்தக் காலத்தில் வண்ணம் பூசும்போது உடம்பில் சின்ன ஆணிகள் அடித்து, அவற்றின் மேல் நிறுத்திக் காயவைப்பார்கள். காய்ந்த பிறகு பிடுங்கிவிடுவார்கள். ஆகவே அசல் வண்ணம் என்றால் துளை வெறும் மரமாகத் தெரியும். துளைக்குள் வண்ணம் இறங்கியிருந்தால் பிற்பாடு பூசியது. துளையே இல்லை என்றால் பேச்சே இல்லை. இருட்டறையில் புற ஊதா விளக்கு அடித்துப் பார்க்கிற கிறுக்கர்களும் உண்டு. பழைய நைட்ரோ வார்னிஷ் இலேசாக மஞ்சள் பச்சையாக ஒளிருமாம், தொட்டுப் பூசிய இடம் கருத்துத் தனியாக நிற்குமாம். வீணையில் பிருடை என்போமே, அதற்கு இணையாகத் தலையில் இருக்கும் முறுக்கிகளின் பின்னால்கூட எட்டிப் பார்ப்பார்கள், பழைய ஸ்குரூத் துளை இன்னொன்று இருக்கிறதா என்று.

இவ்வளவும் எனக்குத் தெரியும். அதனால் இந்த இடத்தில் என்னையும் கொஞ்சம் புகழ்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அன்று கடைக்குள் நுழைந்ததும் அண்ணன் என்னை "வாங்க மாஸ்டர்" என்றார். இந்த ஊரில் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டு இருபது வருடம் ஆகிறது. எதிர்க்கடையிலிருந்து ரொட்டி சானாய் இரண்டு வந்தது, கோப்பி வந்தது. "மாஸ்டர் சொன்னா சரி. அவரு கையில எடுத்தாலே தெரிஞ்சிரும்" என்று மருமகனிடம் சொன்னார். கையில் எடுத்தேன். ஒரு ராகம் வாசித்தேன். தலையை ஆட்டினேன். நாற்பது வருட அனுபவம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: சரியான நேரத்தில் தலையாட்டுவதற்கு. இரண்டு ரொட்டிக்கும் ஒரு கோப்பிக்கும் 14,000 வெள்ளியின் பாரத்தைத் தாங்கிய தலை இந்த மாநிலத்தில் வேறு யாருக்கும் இருக்காது.

மருமகன் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணே, கழுத்தை ஒரு தடவ கழட்டிப் பாக்கலாமா?"

அண்ணன் கோபப்படவில்லை. கோபப்படுகிறவர் அல்ல. பிள்ளை தெரியாமல் கேட்கிறது என்ற கனிவோடு சொன்னார்: "தம்பி, அறுவத்து மூணுல ஃபேக்டரியில மூடுனது. உள்ளுக்கு இருக்கிறது அறுவத்து மூணு காத்து. நீ தொறந்தா அது போயிரும். போச்சுன்னா வெல போச்சு."

காற்றையும் விலைக்குள் சேர்த்த வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன். மருமகன் பணத்தை எண்ணிக் கொடுத்தான். ரசீது கேட்கவில்லை, கேட்பது மரியாதை இல்லை என்று நான்தான் கண் காட்டினேன்.

அன்று ராத்திரியே அவன் காற்றைத் திறந்துவிட்டான். தொழிற்சாலைப் புத்தி.

முதலில் கண்ணில் பட்டது ஸ்குரூ. அறுபது வருடம் பேராக் ஆற்றங்கரை ஈரத்தில், கட்டிலுக்கு அடியில் கிடந்தும் ஒன்றுகூடத் துருப்பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் பலகையில் முதுமையின் அழகான பழுப்பு. முகர்ந்தால் இலேசான கோப்பி ஓ வாசனை. சவர்க்காரத் தண்ணீரில் துடைத்ததும் வெள்ளை வெளேர் என்று இளமை திரும்பியது. ஆற்றுக்கு அக்கரையில் சாயோங்கில் கூஜா செய்கிறவர்கள், சுட்ட மண்ணைச் சூடு ஆறுமுன் நெல் உமியில் புதைத்துக் கருக்குவார்கள். லாபு சாயோங் கறுப்பு அப்படித்தான் வருகிறது. ஊர்க்கைவேலையை அண்ணன் கைவிடவில்லை. உமிக்குப் பதில் கோப்பி.

ஆணித்துளை இல்லை. வண்ணம் கண்ணாடி போலக் கெட்டியாக இருந்தது. நைட்ரோ அல்ல, பாலியெஸ்டர். உள்ளே 304 இல்லை, 137 இல்லை; சின்ன ஜப்பான் பொட்டிகள். ஈயப்பற்றைப் பார்த்து மருமகன் ஒன்றும் பேசவில்லை, தன் பூதக்கண்ணாடியை மட்டும் உறைக்குள் வைத்தான். விரல்பலகை ஈட்டிமரம் போலத் தெரிந்தது. அசல் 63-ஆக இருந்திருந்தால் பிரேசில் ரோஸ்வுட் இருந்திருக்கும். 1992-லிருந்து அதை அனுமதிச் சீட்டில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. எதிர்காலத்தில் சுங்கத்துறையோடு எங்களுக்கு வரவிருந்த தொல்லையையும் அண்ணன் முன்கூட்டியே நீக்கியிருக்கிறார்.

கடைசியாகக் கழுத்து. அதன் பின்புறம் உடம்பைத் தொடும் இடத்தில், எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டிய இரண்டு விரல் அகலத்தை நல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது. அடிக்கட்டையில் முத்திரை இருந்தது. அங்கே உப்புத்தாள் போகவில்லை. யாரும் திறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. 'எஸ்டி 62'.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1982-ல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியது. அங்கே நகல் செய்கிறவர்கள் அசலைவிட நன்றாகச் செய்யத் தொடங்கியதால், அவர்களையே கூட்டாளியாக்கிக்கொண்டார்கள். மாட்சுமோட்டோ ஊரில் ஃபுஜிகென் ஆலை. 1962-ம் வருட ஸ்ட்ராட்டோகாஸ்டர் அச்சில் செய்த மாதிரிக்கு எஸ்டி 62 என்று பெயர். நல்ல கித்தார். நல்ல என்று நான் சும்மா சொல்லவில்லை; அந்தக் காலத்து ஜப்பான் கைவேலையை விரும்பித் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. உள்ளதைச் சொல்லி விற்றிருந்தாலும் நியாயமான விலைக்குப் போயிருக்கும். அப்படி விற்றால் அதில் என்ன கலை இருக்கிறது?

அடுத்த ஞாயிறு இருவரும் கழுத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனோம். அண்ணன் முத்திரையைப் பார்த்தார். மஞ்சள் பல்புக்கு அருகில் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா தம்பி! அறுவத்து ரெண்டுன்னு போட்டிருக்கான். நான்தான் தப்பா அறுவத்து மூணுன்னு சொல்லிட்டேன். தொர ஊருக்குப் போன வருஷம்!"

கணக்கு நேராகிவிட்டது. துரை 1962-ல் கப்பல் ஏறினார், கித்தார் 1962. ஒரு வாரமாக என் மனத்தை அரித்த ஒரே பிழையை அவர் ஒரு நொடியில் திருத்திவிட்டார். ஒரு வருடப் பழமை கூடியதற்குக் காசும் கேட்கவில்லை.

மருமகன் பொட்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தான். அதற்கும் அண்ணனிடம் பதில் இருந்தது. எரிக் கிளாப்டன் கையில் இருந்த 'பிளாக்கி' என்ற கறுப்புக் கித்தார் மூன்று கித்தார்களின் பாகங்களைக் கூட்டிச் செய்ததுதானே, 2004-ல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 959,500 டாலருக்குப் போகவில்லையா என்றார். போனது உண்மை. கூட்டிச் செய்தது என்பதும் உண்மை. கிளாப்டன் அதைக் கூட்டிச் செய்தேன் என்று ஊருக்கே சொன்னார் என்பதுதான் ஒரே வித்தியாசம். வெகுளி மனிதர்.

காசு திரும்பவில்லை. திருப்பிக் கேட்கிற துணிவு எங்களுக்கு வரவில்லை. மறுபடியும் ரொட்டி வந்துவிட்டது.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமான் வீட்டு ஆயுதசாலையைப் பார்த்துப் பாராட்டிய இடம் உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே வேல்கள் நெய் பூசி, மாலை சூட்டி, பளபளவென்று இருக்கின்றன. எங்கள் அதியமான் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். தொண்டைமானுக்கு உறைத்ததாகத்தான் சொல்கிறார்கள். அந்தச் சபையில் நம் அண்ணன் இருந்திருந்தால் ஔவைக்குத் தூது போயும் பலன் இருந்திருக்காது. முதல்நாள் ராத்திரியே ஆளை விட்டு வேல் நுனிகளையெல்லாம் மழுக்கி, காம்பில் கோப்பி தேய்த்து, இரண்டு வேல்களை நடுவில் முறித்துச் சார்த்தியிருப்பார். ஔவையே வியந்து, "இவ்வளவு போர் கண்டிருக்கிறீர்களா!" என்று திரும்பியிருப்பாள். புதுசைப் பழசாக்குவது பாவம் ஒன்றும் இல்லை. 1995-லிருந்து ஃபெண்டர் ஆலையே புதுக் கித்தாரை உரசி, கீறி, மங்க வைத்து, அதற்குத் தனி விலை போட்டு விற்கிறது. அவர்கள் பெட்டிக்குள் அதை எழுதிய சான்றிதழும் வைத்துத் தொலைக்கிறார்கள். காகிதத்தில் நம்பிக்கை வைக்கிற இனம்.

மருமகன் இப்போது மாறிவிட்டான். அலைபேசி வாங்கினாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறான். போன மாதம் ஈப்போ ஞாயிற்றுச் சந்தையில் ஒருவர் பழைய டெய்ஸ்கோ ஒன்றை 400 வெள்ளிக்குச் சொன்னார். இவன் ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் அந்த மனிதர் தானே தகட்டைக் கழற்றி, "ரெண்டு பொட்டி மாத்தினது, ஒரு பிக்அப் செத்துப்போச்சு, பாத்துக்க" என்று காட்டினார். கதை எதுவும் சொல்லவில்லை. துரை இல்லை, சமையல்காரர் இல்லை, கட்டில் இல்லை. இப்படியும் வியாபாரம் செய்கிறார்கள்.

எஸ்டி 62 என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அவனுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லையாம். சாயங்காலம் அஞ்சடியில் நாற்காலி போட்டு நான் வாசிக்கிறேன். நல்ல நாதம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நின்று கேட்கின்றன.

அண்ணன் கடைக்குப் புதிதாக ஒன்று வந்திருப்பதாகக் கேள்வி. இந்தத் தடவை 1964. சுங்கை சிப்புட் தோட்டம், அதே துரை, மெர்டேக்காவுக்கு ஐந்தாவது வருடம் கப்பல் ஏறியவர். விலை 16,000 வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ரொட்டி சூடாக இருக்கும். ஸ்குரூ டிரைவர் கொண்டு போகாதீர்கள். அண்ணன் மனம் நோகும்.